அரசாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகுவது எப்படி

சென்னையில் இயங்கிவந்த மக்கள் கல்விச் சங்கம் என்ற பதிவு பெற்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அன்றைய சென்னை மாநில அரசு 1950-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் அரசாணையால் அறிவித்தது. சட்ட நிர்வாகத்தில் தலையிடுகிறது, பொது அமைதிக்கு ஆபத்தாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஆணையில் விளக்கம் எதுவும் இல்லை. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்த வி.ஜி. ராவ் அடுத்த மாதமே அச்சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு செய்தார். உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனபோது, 1952-இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் விழித்திருக்கும் காவலரின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் குறிப்பிட்டார்.

அந்தக் காவலரை யாராவது போய் அழைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பேச்சு. நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. தானாக முன்வந்து ஒரு விஷயத்தை விசாரணைக்கு எடுப்பதும் அரிதாகவே நடக்கிறது. நிர்வாகத்தையும் சட்டமன்றத்தையும் அது கட்டுப்படுத்துவதெல்லாம், பாதிக்கப்பட்ட ஒருவர் சரியான கேள்வியை, சரியான வடிவில், சரியான காலத்தில் கொண்டுவந்து வைக்கும்போதுதான். அந்தக் கேள்வியை எப்படி உருவாக்குவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வழக்கறிஞர் வைத்துத்தான் பெரும்பாலோர் வழக்கு நடத்துவார்கள். ஆனாலும், தன் வழக்கு எதைக் கேட்கிறது என்று தெரிந்த கட்சிக்காரருக்கும் தெரியாதவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

அமைப்பைப் பற்றி முதலில் ஒரு சொல். அமெரிக்காவில் கூட்டாட்சிக்குத் தனி நீதிமன்றங்களும் மாநிலங்களுக்குத் தனி நீதிமன்றங்களும் உள்ளன. இந்தியா கூட்டாட்சி நாடாக இருந்தும் நீதிமன்ற அமைப்பு ஒன்றே: மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றின்மேல் 25 உயர் நீதிமன்றங்கள், எல்லாவற்றுக்கும் மேல் உச்ச நீதிமன்றம். மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டையும் ஒரே நீதிபதி விசாரிக்கிறார். சென்னையில் அமர்ந்திருக்கும் ஓர் உயர் நீதிமன்றம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் செல்லுந்தன்மையையும் ஆராயலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் இந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறித்தது. அடுத்து வந்த ஆட்சியில் 43-ஆவது திருத்தம் அதைத் திருப்பிக் கொடுத்தது. உயர் நீதிமன்றத்தின் கதவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு, அதை மூட நடந்த இந்த முயற்சியே போதிய சான்று.

ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்

அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது மிகக் கடினம். ஆணையின் நகல் வேண்டும். கேட்டும் தராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் அதுவே ஒரு சான்றாவணம் ஆகும்.

தமிழ்நாடு அரசின் அரசாணை ஒன்றை எடுத்துப் பார்த்தால், மேலே ‘சுருக்கம்’ என்று விஷயம் இரண்டு வரிகளில் இருக்கும். அதன்கீழ் துறையின் பெயர், அரசாணை எண், நாள். பிறகு ‘படிக்கப்பட்டவை’ என்ற பட்டியல்: இந்த முடிவை எடுப்பதற்கு முன் எந்தெந்தக் கடிதங்களையும் முந்தைய ஆணைகளையும் பார்த்தார்கள் என்பது அங்கே வரிசையாக இருக்கும். அதற்குப் பின்னரே ‘ஆணை’. கடைசியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரியும், செயலாளரின் கையொப்பமும். இந்த வரி வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாதீர்கள்; மாநில அரசின் நிர்வாகச் செயல்கள் ஆளுநரின் பெயரால் நடக்க வேண்டும் என்று 166-ஆவது பிரிவு சொல்வதால் அது அங்கே இருக்கிறது.

பலர் ‘ஆணை’ என்ற தலைப்புக்கு நேராகப் போய்விடுகிறார்கள். ‘படிக்கப்பட்டவை’ பட்டியலை நிதானமாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் கொடுத்த ஆட்சேபணை மனு அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அதைப் பரிசீலிக்காமலே முடிவெடுத்தார்கள் என்று வாதிட உங்களுக்கு ஒரு நல்ல ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து, காரணத்தைத் தேடுங்கள். ‘மேற்படி மனு பரிசீலிக்கப்பட்டு, ஏற்க இயலாது என நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் முடியும் ஆணைகள் நாள்தோறும் வெளிவருகின்றன. பரிசீலித்ததாகச் சொல்கிறார்கள், என்ன பரிசீலித்தார்கள் என்பது அதில் இல்லை. மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் வகுத்த விதி இங்கே பெரிதும் உதவும். அதிகாரி ஓர் ஆணைக்கு அதிலேயே எழுதிய காரணங்களைக் கொண்டுதான் அது சரியா தவறா என்று பார்க்க வேண்டும். வழக்கு வந்தபின், அரசு தாக்கல் செய்யும் பதிலான எதிர்மனுவில் புதுக் காரணங்களைச் சேர்த்து அந்த ஆணையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆகவே, ஆணையில் என்ன காரணம் இருக்கிறது, என்ன காரணம் இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவின் பாதி அந்தத் தாளிலேயே உருவாகிவிடும்.

என்ன தவறு என்று பெயர் சொல்லுங்கள்

ஆணை அநியாயமானது என்று சொன்னால் மட்டும் நீதிமன்றம் தலையிடாது. அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்து வேறொரு முடிவை எடுப்பது நீதிப் பேராணையின் (அரசுக்கோ அதிகாரிக்கோ நீதிமன்றம் இடும் கட்டளை; ஆங்கிலத்தில் ‘ரிட்’) நோக்கம் ஆகாது. அதிகாரி அந்த முடிவுக்கு வந்த வழி சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. எனவே தவறு எந்த வகையைச் சேர்ந்தது என்று நீங்கள் பெயர் சொல்ல வேண்டும். ஆணையிட்டவருக்கு அந்த அதிகாரமே சட்டத்தில் கொடுக்கப்படாமல் இருக்கலாம். வட்டாட்சியர் செய்ய வேண்டியதை வேறொருவர் செய்திருக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதி மீறப்பட்டிருக்கலாம். தொடர்பில்லாத விஷயங்களைக் கணக்கில் எடுத்திருக்கலாம், அல்லது ஒரே நிலையில் உள்ள இருவரில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்து 14-ஆவது பிரிவு தரும் சமத்துவத்தை மீறியிருக்கலாம்.

அடிப்படை உரிமை ஒன்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், வி.ஜி. ராவ் வழக்கின் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. எந்த உரிமை பறிபோகிறது, எந்த நோக்கத்துக்காக, தடுக்க விரும்பிய கேடு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, கட்டுப்பாடு அந்தக் கேட்டுக்கு மிஞ்சியதாக இருக்கிறதா, அன்றைய சூழ்நிலை என்ன என்பவற்றை அந்தத் தீர்ப்பு சேர்த்துப் பார்க்கச் சொன்னது. சங்கத்தைத் தடை செய்த ஆணை தவறிய இடம் எது? அமைப்பு ஆபத்தானது என்று அரசு தன் மனநிறைவின் பேரில் அறிவித்துவிடலாம், அந்த அறிவிப்பின் அடிப்படையை எந்த நீதி விசாரணையும் சோதிக்காது, சங்கத்தாருக்கு ஆணையை நேரில் கொடுக்காமல் அரசிதழில் வெளியிட்டாலே போதும் என்று சட்டம் இருந்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டை நியாயமான கட்டுப்பாடு என்று ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது.

மதுக்கடையை எந்த ஊரில் திறப்பது, எந்தத் திட்டத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது போன்ற கொள்கை முடிவுகளில் நீதிமன்றம் பொதுவாக ஒதுங்கியே நிற்கும். விதி மீறப்பட்டிருந்தால் மட்டுமே உள்ளே வரும். சட்டமன்ற நடவடிக்கையில் நடைமுறைப் பிழை இருந்தது என்பதையும் கேட்க முடியாது. 212-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. இந்த எல்லைகளை அறியாமல் போட்ட மனு, முதல் நாளிலேயே தள்ளுபடியாகும்.

எந்தக் கதவு, எந்தப் பேராணை

அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் 32-ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். சென்னை மாநிலத்துக்குள் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் நுழையக்கூடாது என்ற தடையை எதிர்த்து ரமேஷ் தாப்பர் 1950-இல் அப்படித்தான் போனார். முதலில் உயர் நீதிமன்றம் போயிருக்க வேண்டும் என்ற ஆட்சேபணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும் இன்றைய நடைமுறை மாறிவிட்டது. நேராக வருபவர்களை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவதே இப்போது வழக்கமாகிவருகிறது. மேலும், 226-ஆவது பிரிவு 32-ஐவிட அகலமானது: அடிப்படை உரிமைக்கு மட்டுமின்றி ‘வேறெந்த நோக்கத்துக்காகவும்’ பேராணை வழங்க அது இடம் தருகிறது. ஓய்வூதியம், பட்டா, உரிமம், பணி மாறுதல் ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றமே ஏற்ற இடம். தென் மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. ஆணை எந்த மாவட்டத்தில் பிறந்தது, பாதிப்பு எங்கே நிகழ்ந்தது என்று பார்த்து இடத்தைத் தீர்மானியுங்கள்.

பேராணைகள் ஐந்து. சட்டவிரோதக் காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்வது ஆட்கொணர்வு. செய்ய வேண்டிய கடமையைச் செய்யச் சொல்வது கட்டளையுறுத்தும் பேராணை. அதிகாரம் இல்லாத ஒன்றைச் செய்யாமல் தடுப்பது தடையுறுத்தும் பேராணை. ஆவணங்களை வரவழைத்து ஆணையை ரத்து செய்வது ஆவணக் கேட்புப் பேராணை. எந்தத் தகுதியில் இந்தப் பதவியில் இருக்கிறீர் என்று கேட்பது தகுதிமுறை வினவும் பேராணை. சென்னை உயர் நீதிமன்ற வராந்தாவில் அதிகம் காதில் விழும் சொல் ‘சர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்’. பழைய ஆணையை ரத்து செய்து, கூடவே இன்னதைச் செய் என்று கட்டளையிடவும் கேட்கும் இரட்டைக் கோரிக்கை அது. நிராகரிப்பு ஆணையை ரத்து செய்தால் மட்டும் உரிமம் கையில் வந்துவிடாது. மறுபடி பரிசீலிக்க ஒரு காலக்கெடுவும் வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

மனு போடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருங்கள். முதலாவது: நீங்கள் பாதிக்கப்பட்டவரா? கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவே இல்லை. இடம் கிடைக்காது என்று விசாரித்து அறிந்து வழக்கிட்டார். வழக்கு அவ்வளவு தூரம் வந்தபின் அந்தக் காரணத்தால் அவரைத் திருப்பி அனுப்ப உச்ச நீதிமன்றம் விரும்பவில்லை. அதை முன்னுதாரணமாக நம்பிப் போகக்கூடாது. விண்ணப்பித்து, மறுப்பைப் பெற்று, பிறகு வருவதே பாதுகாப்பு. இரண்டாவது: சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கிறதா? இருந்தால் அங்கே போங்கள் என்பார்கள். அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாமை, சட்டத்தின் செல்லுந்தன்மை ஆகிய நான்கு நிலைகளில் மட்டும் அந்த வழியைத் தாண்டி வரலாம் என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மூன்றாவது: தாமதம். பேராணை மனுவுக்குச் சட்டம் காலவரம்பு வகுக்கவில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்தவருக்கு நீதிமன்றம் உதவ மறுக்கும்.

மனுவும் முதல் விசாரணையும்

மனுவுடன் ஒரு பிரமாணப் பத்திரம், அதாவது உண்மை என்று உறுதியளித்துத் தரும் எழுத்து வாக்குமூலம், இருக்கும். மனுவின் உயிர் அதுதான். நடந்ததை நாள் வரிசைப்படி, ஒரு பத்திக்கு ஒரு நிகழ்ச்சியாக எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத ஆவணத்தையும் சேர்த்துவிடுங்கள். மறைத்தது தெரிந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் மனு தள்ளுபடியாகலாம். உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்று 348-ஆவது பிரிவு வைத்திருப்பதால், தமிழில் உள்ள அரசாணைக்கும் கடிதங்களுக்கும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை நீங்களே ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ என்று மாறிப்போனால் வழக்கின் பொருளே மாறிவிடும். தமிழைத் தமிழ்நாட்டு உயர் நீதிமன்றத்தின் மொழியாக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக நிற்கிறது. தன் ஊர் அலுவலகம் தமிழில் எழுதிய ஓர் ஆணையைத் தன் ஊர் நீதிமன்றத்தில் வேற்று மொழியில் விளக்க வேண்டியிருப்பது சாதாரண மனிதர்களுக்கு உண்மையான சுமை.

வழக்கறிஞர் கட்டணம் கட்ட இயலாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

முதல் நாள் விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அரசு வழக்கறிஞர் எழுந்து அரசின் சார்பில் நோட்டீஸைப் பெற்றுக்கொள்வார். எதிர்மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்பார். நீதிபதி சில வாரங்கள் தள்ளிவைப்பார். இந்தச் சில நிமிடங்களில் நீங்கள் பெற வேண்டியது இடைக்காலத் தடை. இடிக்கப்படவிருக்கும் கட்டடம், நிறுத்தப்படவிருக்கும் ஊதியம் என்று எதிர்மனு வரும்வரை காத்திருக்க முடியாத இழப்பு இருந்தால், அதைப் பிரமாணப் பத்திரத்தில் தனிப் பத்தியாக எழுதி, தனி இடைக்கால மனுவும் போட்டிருக்க வேண்டும். தனி நீதிபதியின் முடிவு பாதகமாக வந்தால், 30 நாட்களுக்குள் இரு நீதிபதிகள் அமர்வின் முன் ரிட் அப்பீல் செய்யலாம். அதற்கும் மேல், 136-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு இருக்கிறது. அந்த அனுமதி உரிமையாகக் கிடைப்பதில்லை.

சட்டத்தையே கேள்வி கேட்கும்போது

ஆணைக்குப் பின்னால் இருக்கும் சட்டமே தவறானது என்றால், கோரிக்கை வேறாகும். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று 13-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் செல்லும் என்ற அனுமானத்தோடே நீதிமன்றம் தொடங்கும்; அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. சட்டமியற்றிய அவைக்கு அந்தப் பொருளில் அதிகாரம் இருந்ததா என்று, மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துத் தரும் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். பிறகு உரிமை மீறலைச் சொல்லுங்கள்.

இங்கே வெற்றி பெற்றாலும் கதை அத்தோடு நிற்பதில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த ஆணை அது. தமிழகத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(4) பிரிவைச் சேர்த்தது. நீதிமன்றம் மாநில அரசைத் தடுத்தது. நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்திப் பதில் சொன்னது. இந்தத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு 7-க்கு 6 என்ற பெரும்பான்மையில் கூறியது: அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தம் சிதைக்கக்கூடாது. நீலகிரியின் கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்திலிருந்து கிளைத்த ஐ.ஆர். கொயலோ வழக்கில், அந்த நாளுக்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் (அடிப்படை உரிமைக்கு முரண் என்ற கேள்வியிலிருந்து சட்டங்களைக் காக்க ஏற்பட்ட பட்டியல்) சேர்த்த சட்டங்களையும் இதே அளவுகோலால் சோதிக்கலாம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் முடிவு செய்தார்கள். சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது, எனவே தொட முடியாது என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டில் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

நீதிமன்றமும் தன் எல்லையைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டின் 10 மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அவை ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. பிறகு குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின்கீழ் கருத்துக் கேட்டபோது, ஒப்புதலுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதச் செய்யவோ இயலாது, ஆனால் காரணம் சொல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கும்படி வரம்புக்கு உட்பட்டுச் சொல்லலாம் என்று 2025 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். மாநில உரிமையில் அக்கறை உள்ள எனக்கு இந்தப் பின்வாங்கல் ஏமாற்றமே.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைப் பெற்று, தொடர்புடைய அதிகாரிக்கு ஒரு முகப்புக் கடிதத்துடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ‘எட்டு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்’ என்பது போன்ற கெடு, பெரும்பாலும் நகல் அதிகாரியின் கையில் சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். பலர் இதை அறியாமல் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் நினைவூட்டும் கடிதம் ஒன்று அனுப்பிவிட்டு, நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்குத் தயாராகுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரத்தை 215-ஆவது பிரிவு தருகிறது. அதில் அலுவலகத்தை எதிர்மனுதாரராக்கினால் போதாது. அந்தப் பதவியில் இப்போது இருக்கும் அதிகாரியின் பெயர் வேண்டும். மனு எண்ணிடப்பட்டு நோட்டீஸ் போன பிறகு, பல மாதம் அசையாத கோப்பு அசைவது உண்டு. ஆனால் 1971-ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம், அவமதிப்பு நிகழ்ந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. அதிகாரியின் கெடு முடியும் நாளையும், அதிலிருந்து ஓராண்டு முடியும் நாளையும், தீர்ப்பு நகல் வாங்கும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.